ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால்

அன்று மாலை ஆறேமுக்காலுக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற சர்வேயர், அவர் மனைவி, மகன், மருமகள், மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி. ஆறாவது ஆள் இல்லை. மாடி அறை பூட்டியிருந்தது, சாவி மருமகளின் இடுப்பில் இருந்தது. பின்கதவு தாழிட்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஆளுக்கு ஒன்று பேசினார்கள்.

ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ மழை பெய்ததாகவும் வேறெங்கோ பெய்யவில்லை என்றும் ஒரு பெண் குரல் ஒரே சுருதியில் வாசித்துக்கொண்டிருக்க, அந்தக் குரலுக்கு அடியில், சுவருக்குள் மாட்டிக்கொண்ட வண்டு சிறகை உதறுவதுபோல, டிர்ர்-டிக்-டிக், டிர்ர்-டிக்-டிக் என்று ஒரு சத்தம் எழுந்து, மூன்று விநாடி இருந்து, அடங்கியது.

சர்வேயர் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினார். அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம். பழைய பட்டன் போன் பக்கத்தில் இருந்தால், அழைப்பு வருவதற்கு ஒரு கணம் முன்னால் ரேடியோ அப்படித்தான் கரகரக்கும். போன் வாய் திறப்பதற்கு முன்பே ரேடியோ கோள் சொல்லிவிடும். மகனுடைய புதுப் போனுக்கோ மருமகளுடைய போனுக்கோ அது கரகரப்பதில்லை.

பட்டன் போன் டீப்பாயின் மேல், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மதியம் பன்னிரண்டோடு அதன் கதை முடிந்திருந்தது. பழைய அலைவரிசையை நிறுத்தப்போகிறோம், போனை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி மூன்று மாதமாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது. இன்றுதான் கெடு. பன்னிரண்டு அடித்தபோது அவர் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் இருந்த நான்கு கோடும் ஒவ்வொன்றாக இறங்கும் என்று நினைத்திருந்தார். அப்படி நடக்கவில்லை. ஒரே அடியாகப் போயின. அந்த இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அதன் கீழே, ‘சேவை இல்லை’.

டவர் இல்லாத போனுக்கு ரேடியோ ஏன் கரகரக்க வேண்டும்?

“என்ன சம்பந்தி, உங்க ரேடியோவுக்கும் சளி புடிச்சிருக்கு போலிருக்கு,” என்றார் சம்பந்தி. அவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். தான் சொன்ன ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்து, மற்றவர்களுக்கு வழிகாட்டுவார்.

“பழசு. அப்படித்தான் இருக்கும்.”

“பழசையே கட்டிக்கிட்டு அழறீங்க. மாப்ள, புதுப் போன் வாங்கித் தந்தியா இல்லையா உங்க அப்பாவுக்கு?”

“வாங்கி ஒரு மாசம் ஆச்சு மாமா,” என்றான் மகன். “பெட்டியை இன்னும் பிரிக்கல. கேட்டா, என் போன் நல்லாத்தானே இருக்குங்கறார்.”

“அவர் முதுகையே வளைக்க மாட்டார். கொள்கையவா வளைப்பார்?”

சம்பந்தி சிரித்தார். மருமகள் மரியாதைக்குச் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. அதைச் சர்வேயர் கவனித்தார். இன்னொன்றையும் கவனித்தார். மணி ஏழை நெருங்குகிறது, இவள் இன்னும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஐந்தாறு வருடத்தில் ஏழு மணிக்கு இவள் கூடத்தில் இருந்ததாக அவருக்கு நினைவில்லை. கொடியில் கிடக்கும் துணியை எடுக்கப் பின்பக்கம் போய்விடுவாள். மழை நாளிலும் போவாள். மழை நாளில் கொடியில் என்ன துணி இருக்கும் என்று அவர் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இன்று, நாற்காலியின் நுனியில், கைக்குட்டையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, டாக்டர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஏழு மணிக்கு வர வேண்டியது ஒன்று இருந்தது. அது வருமா வராதா என்பதுதான் அன்று அவருக்கு இருந்த ஒரே கவலை. அதை வெளியில் காட்டிக்கொள்கிற ஆள் அவர் இல்லை.

அவருக்கு ஒரு தம்பி. ஒன்பது வயது இளையவன். சர்வேயர் வேலையில் சேர்ந்த ஐந்தாம் வருடம் அவனையும் அளவுச் சங்கிலி பிடிக்கிற வேலைக்குக் கூடவே சேர்த்துக்கொண்டார். அளக்கும்போது இவர் ஒரு முனை, அவன் மறுமுனை. நடுவில் முள்ளும் பள்ளமும் காற்றும். கத்தினால் கேட்காது என்பதால் விசில் வைத்துக்கொண்டார்கள். ஒரு விசில் என்றால் சரியாக இருக்கிறேன், குச்சி நட்டாயிற்று. இரண்டு என்றால் பொறு. மூன்று என்றால், எது எப்படிப் போனாலும் போட்டுவிட்டு வா. மூன்றாவது விசிலைத் தம்பி ஒரே ஒரு தடவைதான் ஊதினான், காலில் பாம்பு கடித்தபோது. கால் மைல் தூரத்தை இவர் செருப்பில்லாமல் ஓடிக் கடந்தார். கைபேசி வந்த பிறகு விசில் மிஸ்டு காலாக மாறியது. கணக்கு மாறவில்லை. ஒரு முறை மணி அடித்து நின்றால் சரி. இரண்டானால் பொறு. மூன்றானால் வா.

பிறகு ஓர் எல்லைத் தகராறு. சர்வேயர் நிலத்துக்கு நேரில் போகாமலே வீட்டில் உட்கார்ந்து அளவு எழுதிவிட்டார் என்று புகார். விசாரணையில் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “அன்னைக்கு நாங்க போகல,” என்று அவன் சொன்னான். சொன்னது உண்மைதான். உண்மையைச் சொல்ல, கூடப் பிறந்தவன்தானா கிடைத்தான் என்பது சர்வேயரின் கேள்வி. மூன்று மாதம் தற்காலிக வேலை நீக்கம். அதைவிட, ஆபீஸ் வராந்தாவில் கடைநிலை ஊழியர்கள்கூட அவரைப் பார்த்து எழுந்து நிற்கத் தயங்கிய அந்த ஒரு கணம். வீட்டுக்கு வந்து எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார், “அவன் பேச்சை இந்த வீட்டில் எடுத்தால், எடுத்தவங்களும் அவனோடவே போகலாம்.” அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. தம்பி ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் ஓர் அச்சகத்தின் மாடியில் அறை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். கல்யாணம் செய்துகொள்ளாதவன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மாலை ஏழு மணிக்கு, போன் ஒரே ஒரு முறை மணி அடித்து நின்றது. திரையில் ‘தம்பி’. சரியாக இருக்கிறேன்.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். பதினான்கு வருடம், ஒரு நாள் தவறாமல். அவர் எடுத்ததில்லை. திரும்ப அழைத்ததும் இல்லை. அதிலும் ஒரு கௌரவம் பார்த்தார். அவன் நிறுத்தி அது நின்றதாக இருக்கக் கூடாது, தான் நிறுத்தியதாக இருக்க வேண்டும். ஆகவே முதல் மணி முடிவதற்குள் அவர் கட்டைவிரல் சிவப்புப் பட்டனை அழுத்திவிடும். டக். அவ்வளவுதான் உறவு. அதற்குப் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

இன்றோடு டவர் இல்லை. ஏழு மணிக்கு அது வராது. அப்படியானால் நாளைக் காலை தான் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். ‘போன் மாறிடுச்சு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்’ என்று வாசலில் நின்றே சொல்லலாம். உள்ளே கூப்பிட்டால் உட்காரலாம். இதில் மானம் போக ஒன்றும் இல்லை, கம்பெனிதானே காரணம். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார். பென்ஷன் ஆபீசுக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். புதுப் போன் பெட்டியைப் பிரிக்காததற்கு இதுதான் காரணம். பதினான்கு வருடமாக அவருக்கு ஒரு சாக்கு கிடைக்கவில்லை. இப்போது கிடைத்திருந்தது.

செய்தி முடிந்தது. ஏழு அடித்தது.

சுவர்க் கடிகாரத்தின் கடைசி அடி கூடத்தின் மூலைகளில் தேய்ந்து மறைய, விசிறியின் கிறீச்சும் தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிப் போகும் சங்கிலிச் சத்தமும் மட்டும் மிச்சமிருக்க, அவர் முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து. போன் அசையவில்லை.

“இன்னைக்கு அடிக்கல,” என்றார், யாரிடமும் இல்லாமல்.

“என்னது, உங்க ராங் நம்பரா?” என்றார் சம்பந்தி. “அன்னைக்குப் பொண்ணு பார்க்க நாங்க வந்திருந்தப்பவும் அடிச்சுக்கிட்டே இருந்தானே. நீங்களும் விடாம கட் பண்ணிக்கிட்டே இருந்தீங்க. எவன் சாமி அவன்னு கேட்டேன், ராங் நம்பர்னீங்க. இன்னமும் அவன் திருந்தலையா?”

“அடிக்காதுங்க,” என்றாள் மனைவி.

“தெரியும். டவர் இல்ல.”

“அது இல்லீங்க.” கைக்குட்டை அவள் விரலில் இறுகியது. “இனிமே அடிக்க முடியாது. அந்தப் போனும் பழசு. சிம்மை மாத்தணும்னா பேருக்கு உடையவர் நேர்ல வரணும்ங்கறாங்க. நான் எங்க போய்க் கூட்டிட்டு வருவேன்.”

“எந்தப் போன்?”

அவள் மகனைப் பார்த்தாள். மகன் எழுந்து உள்ளே போனான். துணி அலமாரி திறக்கும் சத்தம். இழுப்பறை. அவன் திரும்பி வந்து டீப்பாயின் மேல் ஒரு பட்டன் போனை வைத்தான். மூலை உடைந்து, நூல் சுற்றிய போன். அந்த நூலைச் சுற்றியவர் சர்வேயர்தான், பதினைந்து வருடத்துக்கு முன்னால், ஒரு மரத்தடியில். அதன் முதுகு திறந்து கிடந்தது. பேட்டரியைத் தனியாக, ரொட்டித் துண்டு மாதிரி உப்பிப் போனதை, பக்கத்தில் வைத்தான்.

“காலையில கழட்டிட்டேன்,” என்றான். “வெடிச்சிடும்னு பயமா இருந்துச்சு.”

“இது எப்படி இங்க வந்தது?”

மருமகள் பக்கத்தில் கிடந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“கேக்கறேன்ல.”

“சித்தப்பா இல்லப்பா,” என்றான் மகன். “ஆறு வருஷம் ஆச்சு.”

விசிறி சுற்றியது. சர்வேயருக்கு அந்த வாக்கியம் புரிந்தது. புரிந்ததும் வேறொன்று புரியத் தொடங்கியது. அது இதைவிட மெதுவாக, இதைவிடக் குளிர்ச்சியாக முதுகுத் தண்டில் ஏறியது. நேற்று மாலை ஏழு மணிக்கு மணி அடித்தது. முந்தாநாளும் அடித்தது. ஆறு வருடமும் அடித்தது.

“நீயா?” என்றார் மனைவியிடம்.

“சொல்லத்தான் வந்தோம். நீங்க போட்ட சட்டம் அப்படி. பொண்ணுக்கும் அப்பதான் சம்பந்தம் பேசி முடிச்சிருந்தது. அச்சகத்துக்காரங்க சொல்லி, மறுநாளே உங்க பையன் போய் எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்தான்.” அவள் குரல் உடையவில்லை. பல தடவை சொல்லிப் பார்த்த பேச்சு அது. “அன்னைக்கு ஏழு மணிக்கு நீங்க போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. ஏழரை ஆச்சு. எட்டு ஆச்சு. சாப்பிடக் கூப்பிட்டேன், வரல. எனக்குப் பொறுக்கல. கொல்லைப் பக்கம் போய் அந்தப் போன்ல இருந்து அடிச்சேன். நீங்க கட் பண்ணிட்டு வந்து சாப்பிட்டீங்க. அடுத்த நாளும் சாப்பிடணுமே.”

ஆறு வருடமாக, கௌரவமாக, முதல் மணியில் அவர் துண்டித்தது கொல்லையில் நின்ற தன் மனைவியை. அவளும் தெரிந்துதான் நின்றிருக்கிறாள். மகனுக்குத் தெரியும். மருமகளுக்கும் தெரியும், அவள் தரையைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது. வீட்டில் அத்தனை பேரும் கூடி, ஒரு கிழவனுக்குக் கிலுகிலுப்பை ஆட்டியிருக்கிறார்கள். அன்று ஆபீஸ் வராந்தாவில் வந்த அதே சூடு காதில் ஏறியது. அன்றைக்குக் காட்டிக்கொடுத்தவன் ஒருவன்தான்.

“சம்பந்தி,” என்றார் மருந்துக்கடைக்காரர், சிரிப்பு இல்லாத குரலில். “உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லன்னுதானே எங்ககிட்ட சொன்னீங்க?”

சர்வேயர் அதைக் கேட்காதவர்போல மகனைப் பார்த்தார். “என்னைக்கு?”

“வேணாம்ப்பா.”

“எந்தத் தேதிடா?”

“தங்கச்சியைப் பார்க்க இவங்க வந்தாங்களே. அன்னைக்குச் சாயந்தரம்.” மகன் உதட்டை நனைத்துக்கொண்டான். “நெஞ்சு அடைச்சிருக்கு. சுவர்ல சாஞ்சு உட்கார்ந்தபடியே இருந்தார். கீழ மெஷின் ஓடிட்டிருந்ததால கத்தினாலும் கேட்டிருக்காது. போன் கையிலயே இருந்துச்சு, விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன். ஏழுல இருந்து ஏழு முப்பத்தஞ்சுக்குள்ள இருபத்து மூணு தடவை உங்களைக் கூப்பிட்டிருந்தார்.”

“ஒவ்வொரு தடவையும் ஒரு மணிதான் அடிச்சது,” என்றார் சர்வேயர். “எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒண்ணுதான். ஒண்ணுன்னா சரியா இருக்கேன்னு அர்த்தம். மூணு அடிச்சிருந்தா நான்...”

நிறுத்தினார். அவர் மடியில் வலது கட்டைவிரல் தானாக ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. எல்லோரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

டிர்ர்-டிக்-டிக்.

ரேடியோ வெறும் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் இருந்து வந்தது. டிர்ர்-டிக்-டிக். டிர்ர்-டிக்-டிக்.

மகன் எழுந்து ரேடியோவை அணைத்தான். அணைத்த பிறகும் கேட்டது.

டீப்பாயின் மேல் சர்வேயரின் போன் வெளிச்சம் போட்டது. கண்ணாடிக் கூட்டை இடித்துக்கொண்டு அரை விரல் நகர்ந்தது. மணி அடித்தது.

திரையில் ‘தம்பி’. ஓரத்தில் அதே பெருக்கல் குறி. சேவை இல்லை.

கொல்லைக்கு யாரும் போகவில்லை. ஐந்து பேரும் கூடத்தில். நூல் சுற்றிய போன் கண்ணெதிரே, பேட்டரி இல்லாமல், வயிறு திறந்து.

டக்.

அவர் துண்டித்திருந்தார். கை எப்போது போனது, எப்போது எடுத்தது என்று அவருக்கே தெரியவில்லை. போன் அவர் உள்ளங்கையில் இருந்தது. விரல் சிவப்புப் பட்டனின் மேல் இருந்தது.

“டவர் இல்லையேப்பா,” என்றான் மகன். தாழ்ந்த குரலில்.

மறுபடி அடித்தது. டக். மறுபடி. டக். விரல் கேட்கவில்லை. பதினான்கு வருடம் ஒரே வேலையைப் பழகிய விரல். நான்காவது முறை அடித்தபோது, இடது கையால் வலது கட்டைவிரலைப் பிடித்து வளைத்து இழுத்தார்.

“எடுக்காதீங்க,” என்றாள் மனைவி.

ஒன்று.

முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பதினான்கு வருடத்தில் இப்போதுதான் கேட்டார். ஒரு வயலின் நீளம் இருந்தது அது.

இரண்டு.

பொறு.

மூன்று.

வா.

பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தார்.

குரல் இல்லை. மூச்சு இல்லை. கேட்டது ஒரு மணி. இந்தப் பக்கத்து மணி அல்ல. ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் எடுப்பார் எடுப்பார் என்று காத்திருக்கும்போது காதுக்குள் கேட்குமே, அந்த மணி. ட்ரூஊ. பிறகு டக். துண்டித்துவிட்டார்கள். டூ, டூ, டூ என்று வெறும் சத்தம். அது நின்று மறுபடி, ட்ரூஊ. டக்.

மை வாசனை அடித்தது. புது மை, எந்திர எண்ணெய், வெயிலில் காய்ந்த சுண்ணாம்புச் சுவர். கீழே எங்கோ தடதட, தடதட என்று ஓர் எந்திரம் ஓட, அதிர்வு நாற்காலி வழியாக முதுகுக்குள் ஏறியது. தம்பியின் அந்த அறையை அவர் பார்த்ததே இல்லை. முதுகுக்குப் பின்னால் நாற்காலி இல்லை, சுவர் இருந்தது.

இடது தோளில் ஒரு பாரம் உட்கார்ந்தது. தோளிலிருந்து முழங்கைக்கு. முழங்கையிலிருந்து சுண்டுவிரலுக்கு. நெஞ்சின் நடுவில் யாரோ எல்லைக்கல் ஊன்றினார்கள்.

கூடம் தள்ளிப் போனது. அளவுக் குச்சியைப் பிடித்துக்கொண்டு வயலின் மறுமுனையில் நிற்கிறவன் தெரிவதுபோல, மனைவியும் மகனும் மருமகளும் சம்பந்தியும் விரல் உயரத்துக்குத் தெரிந்தார்கள். கூப்பிட வாயைத் திறந்தார். காற்று வரவில்லை. உடம்பு சாயவும் இல்லை. எழுபத்திரண்டு வருடம் வளையாமல் வைத்திருந்த முதுகு இப்போதும் வளையவில்லை. அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

அப்போது டீப்பாயின் மேல் அந்த இன்னொரு போன், நூல் சுற்றிய போன், பேட்டரி இல்லாத போன், மணி அடித்தது.

நான்கு பேரும் எழுந்தார்கள். திரையில் வெளிச்சம். ‘அண்ணன்’ என்று இருந்தது.

மனைவி அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். காதில் போனை வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்து, கண் இமைக்காமல் தன்னையே பார்க்கிற கணவரை.

“நீங்களா அடிக்கறீங்க?” என்றாள்.

விரலை நீட்டிச் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். டக்.

அவர் காதுக்குள்ளும் டக்.

மறுபடி அடித்தது. ஒரு மணி. மகன் அழுத்தினான்.

“அப்பா, வெச்சுடுங்கப்பா. தப்புதான். அதுக்காக இப்படியா?”

மறுபடி. மருமகள் போனின் மேல் தலையணையை வைத்து அழுத்தினாள். சத்தம் குறையவில்லை. “மாமா, வேணாம் மாமா,” என்றாள். தலையணைக்குக் கீழே கையை விட்டு மனைவி துண்டித்தாள்.

“கட் பண்ணுங்க,” என்றார் சம்பந்தி. சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். “எப்படி அடிக்குதுன்னு அப்புறம் பார்க்கலாம். கட் பண்ணிக்கிட்டே இருங்க.”

ஏழு. எட்டு.

ஒன்றே ஒன்றை விடுங்கள். ஒன்றை மட்டும் மூன்று வரைக்கும் அடிக்க விடுங்கள். தெரிந்துவிடும். நீ கொல்லையில் நின்று ஆறு வருடம் அடித்தாயே, உனக்குக் கணக்குத் தெரியாதா?

தெரியாது. அது அண்ணனுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. வீட்டில் யாருக்கும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

பதினொன்று. பன்னிரண்டு.

“பழிவாங்கறார்,” என்று மனைவி மகனிடம் சொல்வது வயலைத் தாண்டி மெல்லியதாகக் கேட்டது. “கோவம் வந்தா இப்படித்தான் ஒரு வார்த்தை பேசமாட்டார். பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பார்.”

நான் கோபமாக இல்லை.

பதினாறு.

விரல்கள் குளிர்ந்தன.

பத்தொன்பது.

இப்போது அவள் மணி தொடங்கும் முன்பே விரலைப் பட்டனின் மேல் வைத்துக் காத்திருந்தாள். பழகிவிட்டது. ஒரு மாலை போதும், விரல் பழகிவிடும்.

இருபத்தொன்று. டக்.

இருபத்திரண்டு.

அவருக்குப் பக்கத்தில், அதே சுவரில் சாய்ந்து, யாரோ உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் பார்க்க முடியவில்லை. தோளோடு தோள் இடித்தது. அந்தத் தோளும் மூச்சுக்குத் திணறியது.

ட்ரூஊ.

மனைவியின் கட்டைவிரல்.

டக்.

பிறகு அடிக்கவில்லை. வெளிச்சம் அணைந்தது. நான்கு பேரும் டீப்பாயைச் சுற்றிக் குனிந்தபடி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னொன்று வருமோ என்று வெகுநேரம் காத்திருந்தார்கள். மனைவி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“நின்னுடுச்சு,” என்றாள். “மனசு இறங்கிட்டார்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போன் காதில் இருந்தது. விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

உட்கார்ந்த இடத்தில், ஒரு சத்தம் இல்லாமல், யாரையும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாமல் போய்விட்டார், கொடுத்து வைத்த சாவு என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் கூப்பிட்டார். இருபத்து மூன்று முறை கூப்பிட்டார்.